ஸ்கேன் எடுத்த பிறகும் நினைவாற்றல் சோதனை எதற்கு?

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைப் பக்கம் பலரும் கேட்பது: "அப்பாவுக்கு மறதி. மூளை ஸ்கேன் எடுத்தாச்சு, அப்புறம் இந்தச் சோதனை எதற்கு?"

ஞாபகம், கவனம், பேச்சு, திட்டமிடுதல் ஆகியவற்றைத் தனித்தனியாக அளந்து, அதே வயதும் படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிடுவதுதான் நரம்பு உளவியல் சோதனை. ஸ்கேன் என்பது மோட்டாரைத் திறந்து பார்ப்பது; இது தொட்டியில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. சில வார்த்தைகளைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். குறிப்பு கொடுத்தும் வராவிட்டால் அல்சைமர் (நினைவை மெல்ல மெல்ல அழிக்கும் மூளை நோய்) சந்தேகம் கூடும். மார்க் குறைந்தும் கடைக் கணக்கு, மாத்திரை எல்லாம் தானே பார்த்துக்கொண்டால் அது பெரும்பாலும் லேசான அறிவாற்றல் குறைபாடு. அன்றாட வேலையே தடுமாறினால்தான் டிமென்ஷியா. மலையாளத்தில் படித்தவருக்கு மலையாளத்திலேயே செய்யச் சொல்லுங்கள், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

மார்க் குறைந்தாலே டிமென்ஷியா என்று பலர் பயப்படுகிறார்கள். மனச்சோர்வு, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, காது மந்தம்கூட மார்க்கைக் குறைக்கும்.