பழைய வீட்டுச் சுவர் ஓதம் காக்கிறதா? பெயின்டுக்கு முன் இதைப் பாருங்கள்
ஓதம் காத்து உரியும் சுவருக்கு எந்த பெயின்ட் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் வரை உப்புப் பூத்திருந்தால், பெரும்பாலும் நிலத்தின் ஈரம் ஏறுகிறது. நடுச்சுவரில் திட்டு என்றால் குழாய்க் கசிவைத் தேடுங்கள். சந்தேகமா? பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்தால் அது அறைக்காற்றின் ஈரம், காற்றோட்டம் கொடுத்தால் போதும். உட்பக்கம் என்றால் சுவருக்குள் ஈரம்.

சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள் (கொத்தனார் அதைத்தான் முதலில் சொல்வார்!). ஆவியாக வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறும். வெளியே சுவரை ஒட்டிய மண்ணை வெட்டித் தாழ்த்தி, மழைநீரை விலக்கிவிடுங்கள். அதன்பிறகும் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், கழுவ வேண்டாம்.