ஆபரேட்டர் பதில்கள்: மஞ்சள் கறையை எங்கே ஒளிப்பது?

பெருந்துறை வாசகி ஒருவர்: மர்மப் படமென்றால் கொலைகாரன் யாரென்று இடைவேளைக்குள் சொல்லிவிடுகிறேன். அதனாலேயே வீட்டுக்காரர் என்கூடப் படம் பார்க்க வருவதில்லை. இயக்குநர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பெரும்பாலும் குளோசப்பில்தான், அம்மிணி. இருபத்திரண்டு வருஷம் டூரிங் கொட்டகையில் படம் ஓட்டியவன் நான். ஒரே படத்தை முப்பது ஆட்டம் ஓட்டினால் கொலைகாரன் சலித்துப்போவான். அவனை எப்படி ஒளித்தார்கள் என்பதைத்தான் ஆபரேட்டர் அறை ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேசைமேல் கிடக்கிற சாவியைத் திரை நிறையக் காட்டினால், "இதை மறந்துடாதே" என்று காதைத் திருகிச் சொன்ன மாதிரி. அப்புறம் நீங்கள் கண்டுபிடிக்காமல் என்ன செய்வீர்கள்?

ஒரு கதை வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டார்கள். கொன்றவனின் சட்டைக் கைமடிப்பில் மஞ்சள் கறை. அவனை ஆஸ்பத்திரியில் நிறுத்தினால் கறை பளிச்சென்று தெரியும். கெட்டிக்கார இயக்குநர் அவனைக் கல்யாண வீட்டுக்கு அனுப்புவார். எங்கள் கொங்குப் பக்கத்தில் கல்யாணத்தை நடத்திவைக்கிற அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருக்கிறார், வந்தவர் கையிலெல்லாம் மஞ்சள். பந்தியில் ஒப்புட்டு போதவில்லை என்று தாய்மாமன் எகிறுகிறார். நாம் மாமனைப் பார்த்துச் சிரிக்கிறோம். கறை திரையின் ஓரத்தில் சும்மா நிற்கிறது. ஆனால் அவன் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் நிற்கிறான். அதையும் காட்டியாகிவிட்டது. கடைசியில் போலீஸ் கேட்கும்போது, "அட, பார்த்தேனே!" என்று நமக்கே வெட்கமாக இருக்க வேண்டும். கறையை ஒளித்தே வைத்திருந்து கடைசி ரீலில் எடுத்து நீட்டுவது போங்கு ஆட்டம்.

இன்னொன்று, ஆள் தேர்வு. பேர்பெற்ற நடிகர் ஒருவர் இரண்டே காட்சியில் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறார் என்றால், அவருக்குக் கொடுத்த சம்பளத்துக்குப் பின்னால் என்னமோ வேலை இருக்கிறது என்று சந்தைக்குப் போய்ப் பழகியவர்கள் யாரும் சொல்லிவிடுவார்கள்.

சேலம் மாணவர் ஒருவர்: ஃபிளாஷ்பேக்கில் பொய்யைக் காட்டலாமா?

மர்மப் படங்களுக்குப் பேர்போன ஆங்கிலப் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1950-ல் 'ஸ்டேஜ் ஃபிரைட்' படத்தில் காட்டினார், வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் அவரே ஒத்துக்கொண்டார். அதே வருஷம் ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' வந்தது. ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், அதை யாரும் குறை சொல்லவில்லை. காரணம் எளிது. நாலு பேர் முரணாகச் சொன்னால், சந்தேகப்படு என்று படமே நமக்குச் சொல்லிவிடுகிறது. ஒருவன் மட்டும் சொல்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதை நம்பிவிடுகிறோம். நம் ஊரில் எஸ். பாலசந்தர் 1954-ல் 'அந்த நாள்' எடுத்தார். ஒரு பாட்டு கிடையாது. சிவாஜி ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார், விசாரிக்கப்படுகிற ஒவ்வொருவரும் அடுத்தவர்மேல் கையைக் காட்டுகிறார்கள். சுட்டது யாரென்று சொல்ல மாட்டேன், பார்த்துவிட்டு எழுதுங்கள்.

காங்கேயம் வாசகர் ஒருவர்: யார் கொன்றதென்று முன்னமே தெரிந்துவிட்டால் படம் படுத்துவிடாதா?

நானும் அப்படித்தான் பயந்தேன். எங்கள் கொட்டகையில் ஒரே மெஷின். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிஷம் ஓடும், அது முடிந்ததும் அடுத்ததை மாட்ட வேண்டும். மாரியம்மன் நோம்பி சமயம், தூக்கக் கலக்கத்தில் பதினொன்றாம் ரீலுக்குப் பதில் பதின்மூன்றாவதை மாட்டிவிட்டேன். கணக்குப்பிள்ளைக்கு விலங்கு பூட்டியாகிவிட்டது. பதறிப்போய் நிறுத்தி, பதினொன்றை எடுத்து ஓட்டினால், அதே கணக்குப்பிள்ளை சிரித்த முகமாகக் கதாநாயகிக்குப் பால் கொண்டுவருகிறார். வேறு நாளாக இருந்தால் அந்தக் காட்சியில் பாதிப் பேர் முறுக்கு வாங்க வெளியே போவார்கள். அன்றைக்குக் கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்க்கிறவனுக்கு முன்னமே தெரிந்தால் பதினைந்து நிமிஷம் பதறுவான், தெரியாவிட்டால் வெடிக்கும்போது பதினைந்து நொடி திடுக்கிடுவான் என்று ஹிட்ச்காக் சொன்னதை நான் படித்தது எத்தனையோ வருஷம் கழித்து.

மணல் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா எழுந்து நின்று, "அதைக் குடிக்காத கண்ணு!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. முதலாளி மட்டும் ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்.