என் அறுபதாவது பிறந்தநாளுக்கு என்னையே ஆடியன்ஸா உக்கார வெச்சுட்டாங்க

மேடம், எனக்குப் போன மாசம் அறுபது முடிஞ்சுது. காலேஜ்ல நாங்க ஒரு மியூசிக் குரூப், நான் ட்ரம்ஸ். அப்புறம் வேலை குடும்பம்னு ஆளுக்கொரு பக்கம் போயிட்டாலும், யாருக்கு நாற்பது வந்தாலும் ஐம்பது வந்தாலும் எல்லாரும் கூடி ராத்திரி பூரா பாட்டுதான், வேற கொண்டாட்டமே கிடையாது. அந்த ஐடியாவே என்னோடது. லிஸ்ட் போடுறது, யார் எந்தக் கட்டைல பாடுவான்னு பாத்து கீபோர்டுக்காரன்கிட்ட சொல்றது, ரிகர்சலுக்கு ஒவ்வொருத்தனா போன் போட்டு இழுத்துட்டு வர்றது எல்லாம் நான்தான்.

என் அறுபதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவங்களே லிஸ்ட் போட்டு, அவங்களே ரிகர்சல் பாத்து, ரிதம் பேட்ல, அதான் எலக்ட்ரானிக் ட்ரம்ஸ்ல, ஒரு ஃப்ரெண்டோட பையன உக்கார வெச்சுட்டாங்க. "இன்னிக்கு நீ வாசிக்க வேணாம்டா, சும்மா உக்காந்து கேளு"ன்னு என்னை முன்னாடி சோபால உக்கார வெச்சாச்சு. நான் வாசிக்காம ஒரு ப்ரோக்ராம் நடக்குது மேடம், அதுவும் என் பிறந்தநாளுக்கு!

சரி, வாசிச்சதாவது உருப்படியா இருந்துச்சா. அந்தப் பையன் அடிக்கிற ஒவ்வொரு அடியும் மண்டைக்குள்ள இறங்குது, அவ்வளவு சத்தம். கீபோர்டு சுருதி சேரவே இல்ல. எனக்கு உசுரான ஒரு பாட்டு, இன்டர்லூட்ல ட்ரையாங்கிள், அதான் அந்த முக்கோணக் கம்பியைத் தட்டுற சத்தம், மெலிசா வரும், அதை அப்படியே விட்டுட்டாங்க. கேட்டா எல்லாம் வாசிச்சோமேங்கறாங்க. நடுவுல ஒருத்தன் என்னைப் பத்தி மைக்ல ஏதோ பேசுறான், எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கிறாங்க, நானும் சிரிச்சு வெச்சேன். என்னை வெச்சு காமெடி பண்ணிருக்காங்க, வேற என்ன. இப்பல்லாம் நான் இருந்தாலே அவங்களுக்குள்ள குசுகுசுன்னுதான் பேசிக்கிறாங்க. போன வருஷம் சும்மா கூடினப்பவும் "கொஞ்சம் மெதுவா வாசிடா"ன்னு திருப்பித் திருப்பிச் சொல்லி மூடையே கெடுத்துட்டாங்க.

அந்த ட்ரையாங்கிள் வீடியோல இருக்குன்னு என் பொண்ணு சொல்றா, எனக்கு ஒண்ணும் வரல, வீட்லயும் டிவி சத்தத்துக்கு தினம் சண்டை, எங்கப்பாவும் கடைசில காது போய் ஒரு மூலைல உக்காந்தே காலத்தைத் தள்ளினாரு, சரி அதை விடுங்க. நான் கேக்க வந்தது வேற. குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன். அடுத்த மாசம் இன்னொருத்தனுக்கு அறுபது, கூப்பிடுறாங்க. இவ்வளவு அவமானத்துக்கு அப்புறம் நான் போகணுமா? யார் கேட்டு அந்தப் பையன பேட்ல உக்கார வெச்சாங்க?

பதில்:

சார், அந்தப் பையன் பேட்ல உக்காந்ததைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கீங்க. அப்பாவைப் பத்தி ஒரே ஒரு தடவை, அதுவும் கூடவே "சரி அதை விடுங்க". நான் அதை விடப் போறதில்ல.

நான் காது டாக்டர் இல்ல, கடிதத்தை வெச்சு காதைப் பத்தித் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா உங்க புகாரையெல்லாம் வரிசையா வெச்சுப் பாருங்க. வயசாகும்போது காதுல முதல்ல மங்குறது உச்ச ஸ்தாயில கீச்சுன்னு வர்ற சத்தங்கள், அதாவது ட்ரையாங்கிள் மாதிரி. வருஷக்கணக்கா ட்ரம்ஸ் பக்கத்துல இருந்தவங்களுக்கு 3,000ல இருந்து 6,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதி தனியா அடிபடும். பேச்சுல அ, ஆ, ஓ எல்லாம் நல்லா விழும், ச, த, ப மாதிரி எழுத்துங்க நழுவிடும், அதனால ஆள் பேசுறது கேக்கும், என்ன பேசுறாங்கன்னு புரியாது, கூட்டத்துல இன்னும் மோசம். குசுகுசுன்னுதான் தோணும். மெல்லிய சத்தம் கேக்காத அதே காதுக்குப் பெரிய சத்தம் திடீர்னு தாங்க முடியாம போகும். ரெண்டு காதுக்கும் ஒரே ஸ்வரம் வேற வேற சுருதில கேக்குறதும் உண்டு. இப்ப சொல்லுங்க, அன்னிக்கு ராத்திரி எத்தனை குத்தம் உங்க நண்பர்களோடது?

ஜெர்மன் இசை மேதை பீத்தோவன் 1801ல ஒரு பழைய நண்பருக்கு எழுதின கடிதம் இருக்கு, அப்ப அவருக்கு முப்பது வயசுதான். தூரத்துல இருந்தா வாத்தியத்தோட உச்ச ஸ்வரம் கேக்கல, மெதுவா பேசினா சத்தம் வருது வார்த்தை வரல, யாராவது கத்தினா தாங்க முடியலன்னு எழுதுறாரு. ரெண்டு வருஷமா கூட்டத்துக்கே போறதில்லையாம், எனக்குக் காது கேக்கலன்னு சொல்ல வாய் வரலையாம். உங்க கடிதத்தைப் படிச்சதும் இதுதான் ஞாபகம் வந்துச்சு. ஒரே வித்தியாசம், அவர் அதை நேரா எழுதிட்டாரு, நீங்க ட்ரையாங்கிள் மேலயும் அந்தப் பையன் மேலயும் போட்டு எழுதியிருக்கீங்க.

கொஞ்சம் கடுமையா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மைக்ல பேசினது காதுல விழலன்னா "என்னடா சொன்ன"ன்னு கேட்டிருக்கலாம். நீங்க சிரிச்சு வெச்சீங்க. கேக்காத பேச்சுக்கு நீங்களே ஒரு அர்த்தம் எழுதிக்கிட்டு, அதுக்காக நாற்பது வருஷ நட்பைத் தூக்கிப் போடப் பாக்குறீங்க. இது நியாயமில்ல சார்.

உங்க நண்பர்கள் பக்கமும் ஒரு தப்பு இருக்கலாம், ஆனா நீங்க சொல்றது இல்ல. "மெதுவா வாசிடா"ன்னு போன வருஷமே சொல்லிருக்காங்க. காது மங்கினா கை தானா ஓங்கி அடிக்கும். அவங்களுக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கும்னு எனக்குத் தோணுது, வாய்விட்டுச் சொல்ல தைரியம் வராம இந்தத் தடவை "சும்மா உக்காந்து கேளு"ன்னு நாசூக்கா நகத்திட்டாங்க. நீங்களும் மறைக்கிறீங்க, அவங்களும் மறைக்கிறாங்க. அவங்களைத் திட்டணும்னா இதுக்குத் திட்டுங்க, உரிமையாவே திட்டலாம்.

அப்பாவை மூலைல உக்கார வெச்சது காது மட்டும்தானா? "என்ன சொன்னே"ன்னு கேக்கக் கூச்சப்பட்டு அவர் விலகினாரா, ரெண்டாவது தடவை சொல்ல அலுத்துப்போய் மத்தவங்க விலகினாங்களா? அந்த வீட்ல இருந்தவர் நீங்க, உங்களுக்குத் தெரியும். இப்ப குரூப்ல இருந்து வெளிய வந்தது யாரும் தள்ளி இல்ல, நீங்களா போட்டுக்கிட்ட மூலை.

ஈ.என்.டி டாக்டரைப் பாருங்க, ஆடியோகிராம் எடுங்க, எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு பாக்குற டெஸ்ட், வலி கிடையாது, கொஞ்ச நேர வேலை. சில சமயம் அழுக்கு அடைச்சதுன்னு கூட முடியும். காது மெஷின் வேணும்னு சொன்னா நான் பாட்டுக்காரன்னு முதல்லயே சொல்லிடுங்க, பெரும்பாலும் அது பேச்சுக்கு ஏத்த மாதிரிதான் செட் பண்ணி வரும், பாட்டு நசுங்கின மாதிரி கேக்கும், மியூசிக்குக்குத் தனியா ஒரு செட்டிங் போடச் சொல்லணும். அந்த அறுபதுக்குப் போங்க, ஸ்பீக்கர் முன்னாடி உக்காராதீங்க. வாசிக்கணுமா வேணாமாங்கறதை டெஸ்ட் ரிசல்ட்டைக் கைல வெச்சுக்கிட்டு அவங்களோட பேசுங்க.

அதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒரு வேலை. மைக்ல பேசின நண்பருக்கு, அன்னிக்கு நீ பேசினது எனக்குச் சரியா கேக்கல, எழுதி அனுப்புடான்னு மெசேஜ் போடுங்க. படிச்ச பிறகும் கோபம் மிச்சமிருந்தா எனக்கு எழுதுங்க, அந்தப் பையன பத்தி அப்ப பேசலாம்.