முகக்கவசம் ஏன் தாடைக்கு இறங்கியது? – கேள்வி பதில்

கொரோனா பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளை மக்கள் ஏன் ஏற்றார்கள், ஏன் மீறினார்கள் என்பதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, பொது சுகாதாரப் பணியில் இருப்பவன் என்ற முறையில் விடையளிக்கிறேன். மருந்துகளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

கேள்வி (மதுரை): நம் மக்களிடம் ஒழுக்கம் இல்லாததுதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

பதில்: இப்படித் தொடங்கினால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று உங்கள் ஊருக்கும் சென்னைக்கும் கோவைக்கும் 24ஆம் தேதி அறிவித்தார்கள். மறுநாள் கடைவாசல்களில் முண்டியடித்தவர்கள், நான்கு நாள் வெளியே வராமலிருப்பதற்காகவே அரிசியும் காய்கறியும் வாங்க வந்தவர்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிய முயன்றதே கூட்டமாயிற்று.

கேள்வி (தஞ்சாவூர், செவிலியர்): முகக்கவசம் அணியச் சொன்னால் தலையாட்டுகிறார்கள், அணிவதில்லை. எதுதான் பலன் தரும்?

பதில்: இதற்கு நல்ல விடை வங்கதேசத்தில் இருக்கிறது. 2020 நவம்பரில் தொடங்கி, 600 கிராமங்களில் ஏறத்தாழ 3,40,000 பெரியவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் வீடு தேடிச் சென்று முகக்கவசத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். எதற்கு என்று விளக்கினார்கள். இமாம்களும் ஊர்த் தலைவர்களும் தாமே அணிந்து காட்டினார்கள். சந்தையிலும் தெருவிலும் அணியாமல் வந்தவரை நிறுத்தி, அணியும்படி கேட்டுக்கொண்டார்கள். சரியாக அணிந்தோர் மற்றக் கிராமங்களில் 13 விழுக்காடாக இருக்க, இங்கே 42 ஆயினர். குறுஞ்செய்தி, ஊருக்குப் பரிசு, உறுதிமொழி ஆகியவற்றைக் கூடுதலாகச் சேர்த்துப் பார்த்தும் மேற்கொண்டு பயன் விளையவில்லை. நீங்கள் புறநோயாளிப் பிரிவில் சொல்கிறீர்கள். நோயாளி அணிய வேண்டிய இடமோ பேருந்து நிலையம். அங்கே, அவருக்குத் தெரிந்த முகம் ஒன்று கேட்க வேண்டும்.

கேள்வி (கோவை, ஓய்வுபெற்ற காவலர்): 200 ரூபாய் அபராதம் போட்டபோது அணிந்தார்களே?

பதில்: காவலர் நின்ற திருப்பத்தில் அணிந்தார்கள், அதைத் தாண்டியதும் தாடைக்கு இறக்கினார்கள். வங்கதேசத்தில் நிறுத்திக் கேட்டவர்கள் அபராதம் விதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி (திருச்சி): முகக்கவசம் வீண் துணிச்சல் தந்து, இடைவெளியை மறக்கச் செய்யாதா?

பதில்: அதே வங்கதேச ஆய்வில் இடைவெளி விட்டு நின்றோர் மற்றக் கிராமங்களில் 24 விழுக்காடாக இருக்க, முகக்கவசம் கொடுத்த கிராமங்களில் 29 ஆயினர்.

கேள்வி (கோவைக் காவலர் மீண்டும்): 200 ரூபாய் போதாது என்றுதான் பொருள். கடுமையான தண்டனை இருந்தால் எவரும் மீறார்.

பதில்: இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 28 முதல், தொற்று உறுதியானபின் தனித்திருக்க மறுத்தால் 1,000 பவுண்டில் தொடங்கி 10,000 பவுண்டு வரை அபராதம் விதித்தார்கள். அங்கே பல மாதங்கள் தொடர்ந்து எடுத்த கணக்கெடுப்புகளில், அறிகுறி வந்தால் தனித்திருப்போம் என்றவர் பத்தில் ஏழு பேர். அறிகுறி வந்தபின் முழுமையாக அவ்வாறு இருந்தவர் நான்கு பேர். சிறு பிள்ளைகள் உள்ளவர்களும் பணமுடையில் இருந்தவர்களும் தவறியோரில் மிகுதி. சட்டப்படியான நோய்க்கால ஊதியம் அப்போது வாரத்துக்கு 95.85 பவுண்டுதான் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். மனம் இருந்தது, வழி இல்லை. நம்மூர் நாட்கூலிக்கு அந்த ஊதியமும் கிடையாது.

கேள்வி (சேலம்): மக்களுக்கு ஒழுக்கம் வர என்ன செய்யலாம்?

பதில்: மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): நடிகர் விவேக் இறந்தபின் எங்கள் ஊரில் தடுப்பூசிக்கு ஆள் வரவில்லை. குற்றம் யாருடையது?

பதில்: மற்றவர்களுக்குத் துணிவூட்ட அவர் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். தடுப்பூசி காரணமன்று என்று மத்திய ஆய்வுக் குழு அறிவித்தபோது அக்டோபர் ஆகியிருந்தது. அந்த ஆறு மாத இடைவெளியில் வதந்தி குடியேறியது. அஞ்சியவர்களை நான் குறை கூறமாட்டேன். அரிய பக்கவிளைவுகளை முன்பே மறைக்காமல் சொல்லியிருந்தால், பின்னர் 'இது அதுவன்று' என்னும்போது நம்ப ஆள் இருந்திருக்கும்.

கேள்வி (திண்டுக்கல்): கபசுரக் குடிநீர் எத்தனை வேளை?

பதில்: சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி (கோவைக் காவலர், மூன்றாம் முறை): லத்தியைத் தவிர வேறு மொழி சிலருக்குப் புரியாது.

பதில்: 1897இல் பிளேக் பரவியபோது பூனாவில் (இன்றைய புனே) அந்த மொழிதான் பேசப்பட்டது. பிளேக் குழுத் தலைவரான ஆங்கிலேய அதிகாரி ராண்ட், சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பிச் சோதனையிடச் செய்தார். அவர்கள் அடுக்களைக்குள்ளும் பூசையறைக்குள்ளும் நுழைந்தார்கள். குடும்பங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தன. ஜூன் 22 இரவு ராண்ட் சுடப்பட்டார். 2020இல் நம் நகரங்களில் தொற்றாளர் வீட்டு வாசலைத் தகரத்தால் அடைத்தபோது, அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தவர் பரிசோதனைக்குப் போகவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, வழக்கம்போல் வேலைக்குப் போனார்.