ஒரே மையத்துப் புழு, நோய் மட்டும் என் மனையில் ஏன்?

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே இரண்டு ஏக்கரில் வி1 ரக மல்பெரி வைத்து வெண்பட்டுக்கூடு எடுத்து வருகிறேன். மார்கழியில் வளர்த்த புழுக்கள் சுண்ணாம்புக்கட்டி போல் விறைத்துச் செத்தன. இப்போது பங்குனியில், ஐந்தாம் பருவத்தின் (கடைசித் தோலுரிப்புக்குப் பின் வரும் பருவம்) நான்காம் நாளில், சில புழுக்கள் உடல் பளபளத்துக் கணுக்கள் வீங்கித் தட்டின் ஓரத்துக்கு ஊர்கின்றன. தொட்டால் பால் போன்ற நீர் வடிகிறது. அதே இளம்புழு வளர்ப்பு மையத்தில் புழு வாங்கிய பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒன்றும் இல்லை. சிமெண்ட் அட்டைக் கூரை போட்ட என் புழு வளர்ப்பு மனையில் பகலில் 36 டிகிரி, விடியற்காலையில் 24 டிகிரி காட்டுகிறது. முட்டையில் குறையா? எதிர்ப்புச் சக்திக்கு மருந்து உண்டா?

பதில்: முட்டையைக் குறை சொல்ல இடமில்லை. மார்கழியில் வந்தது பூஞ்சணத்தால் வரும் சுண்ணாம்புக்கட்டி நோய். இப்போது வந்திருப்பது நச்சுயிரியால் வரும் பால்புழு நோய். கிருமிகள் வெவ்வேறு என்றாலும், இரண்டு முறையும் அவற்றுக்கு வழிவிட்டது உங்கள் மனையின் வெப்பநிலை என்றே கருதுகிறேன். பால்புழு நோயின் நச்சுயிரி பட்டு வளரும் ஊர்களில் ஏறக்குறைய எல்லா மனைகளிலும் சிறிதளவேனும் இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் அது இல்லாமல் இல்லை. அங்கே புழுக்கள் அதைத் தாங்கிக்கொண்டன.

பட்டுப்புழுவுக்கு நம்மைப் போல் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறன் கிடையாது. தட்டில் என்ன வெப்பமோ அதுவே அதன் உடல் வெப்பம். தடுப்பூசி போட்டுப் பழக்கக்கூடிய எதிர்ப்பொருள்களும் அதன் உடலில் இல்லை. அதற்கு இருப்பவை, கிருமியை விழுங்கியும் சூழ்ந்து அடைத்தும் அழிக்கும் இரத்த அணுக்கள், காயம்பட்ட இடத்தைக் கறுக்கச் செய்து அடைக்கும் நொதிகள், கொழுப்புத் திசு சுரக்கும் கிருமிக்கொல்லிப் புரதங்கள் ஆகியவையே. இப்புரதங்களுள் முதலில் அறியப்பட்ட செக்ரோபின், 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவீடனில் ஹான்ஸ் போமன் குழுவினரால் ஒரு காட்டுப் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. இந்த அணுக்களும் நொதிகளும் குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

வெப்பம் அந்த எல்லையைத் தாண்டும்போது, புழு தன் புரதங்கள் சிதையாமல் காக்கும் வேலைக்கே சத்தைச் செலவிடுகிறது. இலையும் வாடிவிடுவதால் நீர் போதாமல் குடல் நலிகிறது. நச்சுயிரி பொதிந்த புரதப் படிகங்கள் இலையோடு உள்ளே போய்க் காரத்தன்மையுள்ள குடல்நீரில் கரைந்து நச்சுயிரியை வெளிவிடும்போது, தடுக்க வேண்டிய உடல் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. நோய் வெளியே தெரியச் சில நாட்கள் ஆகும். ஆகவே இன்று நீங்கள் பார்க்கும் புழு பெரும்பாலும் நான்காம் பருவத்திலோ அதைத் தொடர்ந்த தோலுரிப்பின்போதோ தொற்றியதாக இருக்கும். அந்த நாட்களின் பகல் வெப்பத்தை எழுதி வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள்.

மார்கழியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. குளிரில் புழுவின் அணுக்களும் நொதிகளும் மந்தமாகின்றன; அதே வேளையில், மிகுந்த ஈரமும் கிடைத்தால் பூஞ்சணம் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. பூஞ்சணம் தொற்றிய வெட்டுக்கிளி வெயிலில் காய்ந்து தன் உடலைத் தானே சூடாக்கிக்கொண்டு பிழைப்பதுண்டு. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதர் கையில் வளர்ந்த பட்டுப்புழு தட்டைவிட்டு நகர்ந்து வெயில் தேடப் போவதில்லை. அதற்காக அந்த வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.

ஐந்தாம் பருவத்துக்கு 24 முதல் 25 டிகிரி வெப்பமும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் பரிந்துரைக்கப்படுகின்றன. பங்குனியில் உங்கள் ஊரில் அதை எட்டுவது கடினம். பகலில் 30ஐத் தாண்டவிடாமலும், பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளி குறுகும்படியும் பார்த்துக்கொண்டாலே பெரும்பகுதி ஆபத்து விலகும். அட்டைக் கூரையின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, நண்பகலில் கூரைக்கு நீர் தெளியுங்கள். வெப்பமானியைக் கூரையடியில் தொங்கவிடாமல் தட்டின் மட்டத்தில் வையுங்கள். சன்னல்களில் ஈரச்சாக்கு கட்டுவது நல்லதே. ஆனால் மாலையில் அவிழ்த்துவிட வேண்டும். இரவெல்லாம் அப்படியே விட்டால் வெப்பம் இறங்கும் நேரத்தில் ஈரம் தேங்கி, பூஞ்சணத்தையும் நீங்களே அழைத்தது போலாகும். இதைப் பலர் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். மல்பெரித் தண்டுகளை விடியற்காலையில் வெட்டி நிழலில் ஈரத்துணி போர்த்தி வையுங்கள். அதிகத் தீனியை மாலையிலும் இரவிலும் கொடுங்கள். குளிர்காலத்தில் மனையைச் சூடாக்கப் புகையும் கரி அடுப்பு வேண்டாம்.

மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். நச்சுயிரிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. அதை வாங்கிச் செலவு செய்யாதீர்கள். தொற்றைக் குறைக்க, ஒவ்வொரு தோலுரிப்பும் முடிந்து தீனி போட அரை மணி நேரம் முன்பும், ஐந்தாம் பருவத்தின் நான்காம் நாளிலும் விஜேதா போன்ற கிருமிநாசினிப் பொடியைப் புழுப் படுக்கையில் தூவலாம். இது பரவலைத் தடுக்குமே தவிர, தொற்றிய புழுவைக் காப்பாற்றாது.

இப்போது உள்ள தொகுதியைக் கைவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு தீனிக்கும் முன்பாக ஓரத்துக்கு வரும் புழுக்களை, உடைந்து பால் சிந்துவதற்குள், குச்சியால் எடுத்துப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டுப் புதைத்துவிடுங்கள். கோழிக்கும் போடாதீர்கள், மல்பெரிக்கு உரமாகவும் இடாதீர்கள். ஒரு புழு சிந்தும் பாலில் மொத்தத் தட்டையும் கெடுக்கப் போதிய நச்சுயிரி இருக்கும். கூடு அறுவடையில், உள்ளே புழு செத்துக் கறைபட்டவற்றைத் தனியே பிரியுங்கள். அறுவடை முடிந்ததும் மனையையும் தட்டுகளையும் 100 லிட்டர் நீருக்கு 2 கிலோ பிளீச்சிங் பவுடரும் 300 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த கரைசலால் நனைய நனையத் தெளியுங்கள். கூரைக்குக் கீற்று வேய்ந்து முடித்த பிறகே அடுத்த புழுவுக்குச் சொல்லி வையுங்கள்.