மாமரப் பொருள் ஏற்றுமதி: படமெடுப்பும் இணைய விற்பனையும் – கேள்வி பதில்

காய்ப்பு ஓய்ந்து வெட்டப்படும் மாமரங்களை விறகு விலைக்குத் தள்ளிவிடாமல், மேசைப் பலகைகளாக்கி வெளிநாட்டுக்கு விற்பது பற்றிக் கிருஷ்ணகிரி, தருமபுரி பட்டறையாளர்கள் கேட்டவற்றுக்கான விடைகள் இவை.

காவேரிப்பட்டினத்திலிருந்து: உருட்டு மரத்தையே படமெடுத்து இணையத்தில் விற்கலாமா?

உள்நாட்டுக்குள் விற்கலாம். உள்நாட்டு உருட்டு மரத்தை ஏற்றுமதி செய்ய நம் நாட்டுக் கொள்கை இடம் தருவதில்லை. அறுத்த பலகைக்கும் நிபந்தனைகள் உள்ளதால், மேசைப் பலகை போன்ற செய்பொருளாக்கி அனுப்புவதே வழி.

ஓசூரிலிருந்து: வெளிநாட்டு ஆலைகளைப் போல நாமும் மரத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அந்த ஸ்கேனில் பாயும் எக்ஸ் கதிர் மரத்தின் அடர்த்தி வேறுபாட்டைக் காட்டுவதால், கணு எங்கே, உட்பொத்து எங்கே என்பது அறுக்கும் முன்பே தெரிந்துவிடும். ஆனால் அந்த இயந்திரத்தின் விலை ஓயாமல் அறுக்கும் பெரிய ஆலைகளுக்கே கட்டுப்படியாகும். நமக்குக் கைபேசிக் கேமராவும் ஈரமானியும் போதும்.

பாலக்கோட்டிலிருந்து: படத்தை எப்படி எடுத்தால் வாங்குபவர் நம்புவார்?

இரண்டு முகத்தையும் எடுங்கள். மோசமான முகத்தை முதலில் காட்டுங்கள். 1898இல் தொடங்கிய அமெரிக்கக் கடினமரச் சங்கத்தின் தர விதியில், 'எஃப்.ஏ.எஸ்.' என்னும் முதல் தரம் பலகையின் மட்டமான முகத்தைப் பார்த்தே தரப்படுகிறது. அதற்கு அம்முகத்தில் ஏறத்தாழ 83 விழுக்காடு பழுதற்றதாக இருக்க வேண்டும். அந்தக் கண்ணோடு பார்ப்பவருக்கு அழகிய முகத்தை மட்டும் அனுப்பினால் சந்தேகமே மிஞ்சும். பலகைக்குச் சுண்ணக்கட்டியால் எண் இட்டு, அளவு நாடாவைப் பக்கத்தில் விரித்து, எண்ணெய் பூசுவதற்கு முன், பக்கவாட்டில் விழும் காலை வெளிச்சத்தில் எடுத்தால், இழைப்புளியின் தடமும் நெளிவும் மறையாமல் தெரியும். ஈரமானியின் அளவும் அதே படத்தில் இருக்கட்டும். மாமரத்தில் பூஞ்சையால் வரும் நீலக் கறை எளிதில் பிடிக்கும். ஒருமுறை அந்தக் கறையை வெயிலில் வெளிறிய படம் மறைத்துவிட, நான் பாதி விலையைத் திருப்பித் தர நேர்ந்தது. கறையை விரும்பி வாங்குவோரும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

அரூரிலிருந்து: இது மாமரம்தானா, எங்கே வளர்ந்தது என்று கேட்கிறார்களே?

மரத்தின் குறுக்கு வெட்டைக் கூரிய கத்தியால் சீவி, பத்து மடங்கு லென்ஸ் வழியாக எடுத்த படம் பூர்வாங்கச் சான்றாகும்; ஐயம் நீடித்தால் பெங்களூருவிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், மரம் வளர்ந்த நிலம் 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழிக்கப்பட்டதல்ல என்பதைக் காட்ட, இடக்குறிப்பைக் கேட்கிறது. ஆகவே தோப்பில் நிற்கும்போதே, இடம் பதிவாகும்படி படமெடுத்துப் பலகை எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: பொருளை அனுப்பும் மரப்பெட்டிக்கு ஏதாவது விதி உண்டா?

உண்டு. கட்டும் மரச்சட்டத்தின் மையப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, அதற்குரிய முத்திரை பெற்றிருக்க வேண்டும். அந்த முத்திரையையும் ஒரு படம் எடுத்து வாங்குபவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.