படகிலேயே தங்கித் தீவு தீவாக டைவிங் போக நன்றாக நீந்தத் தெரிந்தால் போதுமா?

போதாது. எங்கள் குழுவில் நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் ஏச்சு வாங்கினோம், அதில் முதல் ஆள் நான்.

நண்பர்கள் ஏழெட்டுப் பேர் மாலைதீவுக்குப் போக யோசிக்கிறோம், எல்லாரும் கடற்கரை ஊர்க்காரர், டைவிங் மட்டும் பழகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் வெளிக்கிட்டோம். முல்லைத்தீவிலிருந்து மூன்று பேர், கனடாவிலிருந்து பெரியப்பாவின் மகன் அண்ணை, அண்ணி, அவர்களுடைய சிநேகிதர் மூன்று பேர். பெப்ரவரியில் ஏழு நாள். எங்களில் ஒருவனுக்குக் காலபோக அறுப்பு, மெசின் கிடைக்கவில்லை என்று கடைசிக் கிழமை வரை இழுத்தடித்தான். ஆனாலும் அங்கே டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் மழை குறைவு, கடலும் அமைதி, அதனால் வேறு மாதம் பார்க்கவில்லை. செலவு என் நாலைந்து மாதச் சம்பளம், அதிலும் பாதியை அண்ணைதான் போட்டார். உபகரண வாடகையும் படகுக்காரருக்குக் கொடுக்கும் சந்தோசமும் வேறு என்று கடைசி நாள்தான் சொன்னார்கள். நீங்கள் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் சொன்னபோது எல்லாரும் காசைப் பற்றிக் கேட்டார்கள். சித்தப்பா மட்டும் வேறொன்று கேட்டார்: "மேலை வர எவ்வளவு நேரம் விடுவாங்கள்?" எனக்கு அப்போது பதில் தெரியாது.

சரி, முதலில் பயிற்சி. ஓப்பன் வோட்டர் என்ற அடிப்படைச் சான்றிதழுக்கு 18 மீற்றர் வரைதான் அனுமதி. நாங்கள் மூவரும் முந்தைய ஓகஸ்டில் நிலாவெளியில் நாலு நாள் நின்று எடுத்தோம், புறாத்தீவுப் பக்கம்தான் கொண்டுபோய் இறக்கினார்கள். அது இல்லாமல் போனால் பெரும்பாலும் மாஸ்க் போட்டு மேலே மிதக்கத்தான் விடுவார்கள், மற்றவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கலாம். அதற்கடுத்த சான்றிதழ் இருந்தால் 30 மீற்றர், மாலைதீவில் சட்டமே அதற்குக் கீழே விடாது.

நான் வாங்கிய ஏச்சு முதல் நாள் சோதனை டைவில். 12 மீற்றர் ஆழத்தில் மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் வந்தது. பயிற்சியில் பத்துத் தரம் மூக்கால் ஊதி வெளியேற்றிய அதே தண்ணீர்தான், ஆனால் உடம்பு கேட்கவில்லை, சின்ன வயதில் வள்ளத்தடியில் சிக்கின நங்கூரத்தை எடுக்க மூழ்கி, மூச்சு முட்டினதும் ஒரே உதை உதைத்து மேலே வந்த பழக்கம், அதே உதையை உதைத்தேன். இரண்டு மீற்றர் ஏறியிருப்பேன், ஆழத்தையும் ஏறும் வேகத்தையும் பார்த்துச் சொல்லக் கையில் கட்டியிருந்த டைவ் கொம்பியூட்டர் கீ கீ என்று கத்தத் தொடங்கியது, அதற்குள் கைட் என் கணுக்காலைப் பிடித்துவிட்டான். கீழே இழுக்கவில்லை. பிடித்தபடியே உள்ளங்கையை விரித்து என் கண்ணுக்கு நேரே காட்டினான், நில். பிறகு தன் வாயிலிருந்து குமிழி போவதைத் தொட்டுக் காட்டினான், மூச்சை விடு.

நாம் ஊரில் மூச்சடக்கி மூழ்குவதும் இதுவும் வேறு வேறு. டைவிங்கில் முதுகில் கட்டும் சிலிண்டரை ஒக்சிசன் என்போம், உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரணக் காற்றுத்தான். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு, அங்கே இழுத்த காற்றை நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். அதோடு, கீழே நிற்க நிற்க நைதரசன் இரத்தத்தில் கரைந்துகொண்டே போகும், சடாரென்று ஏறினால் சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கட்டும். அதனால்தான் ஆறுதலாக ஏறி, 5 மீற்றரில் மூன்று நிமிடம் சும்மா தொங்கிக்கொண்டு நிற்க வைக்கிறார்கள். அந்த மூன்று நிமிடம்தான் எங்களுக்குப் பெரிய பாடு.

படகை கட்டமரான் என்றார்கள். ஊரில் கட்டுமரத்தில் போய் நனையாமல் வந்தவன் எவன்? இதில் ஏசி, சுடுதண்ணீர். பாய் இருந்தது, ஆனால் காற்றுப் போதாமல் இரண்டு பின்னேரம்தான் விரித்தார்கள், மற்ற நேரமெல்லாம் என்ஜின்தான். அண்ணி வாய்க்கு உருசியாக இருக்கட்டும் என்று இரண்டு போத்தல் மாசிச் சம்பல் கட்டிக்கொண்டு வந்திருந்தார், மாசி அங்கேயிருந்துதான் நமக்கு வருகிறது என்று சமையல்காரர் சிரித்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் மூன்றாம் நாள் ஒரு போத்தலை அவரே முடித்தார்.

பார்த்ததில் மறக்காதது ஒரு 'கண்டு'. பவளத்திட்டுகளுக்கு நடுவே கடல் உள்ளே வந்து போகிற வாயை அவர்கள் பாஷையில் அப்படிச் சொல்கிறார்கள். மாரியில் வட்டுவாகல் பக்கம் நந்திக்கடல் உடைத்துப் பாயுமே, அந்த இழுவை, ஆனால் தண்ணீர் கண்ணாடி. பாறை விளிம்பில் கொக்கியை மாட்டி, கயிற்றில் பட்டம் மாதிரி ஆடிக்கொண்டு நின்றோம், எதிரே சாம்பல் சுறாக்கள், ஒன்றும் செட்டை அடிக்கவில்லை, அந்த ஓட்டத்தில் அப்படியே நின்றன. 2010இல் அங்கே சுறா பிடிக்கத் தடை போட்டார்கள்.

சண்டை வந்தது கடைசி நாள். இரவு விமானம், காலையில் ஒரேயொரு டைவ், 12 மீற்றருக்குக் கீழே போகமாட்டோம் என்று அண்ணை பிடிவாதம். பல நாள் டைவ் செய்தவர்கள் விமானம் ஏற முன் குறைந்தது 18 மணித்தியாலம் விட வேண்டும், விமானத்துக்குள்ளும் அமுக்கம் குறையும். கைட் முடியாது என்றதும் அண்ணை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய் முன்னணியத்தில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்து சித்தப்பாவின் காலைப் பற்றிச் சொன்னேன். சமாதான காலத்தில் கடலட்டைக்குச் சிலிண்டரோடு இறங்கியவர், ஒரு நாளைக்கு மூன்று நாலு சிலிண்டர், முடிந்ததும் நேரே மேலே. ஒரு நாள் வள்ளத்தில் ஏறியவரால் இறங்கி நடக்க முடியவில்லை. வாதம் என்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணை சின்னதிலேயே வெளிநாடு போனவர். "டேய், அது ஷெல் பட்ட கால் எண்டல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்" என்றார்.

காலையில் எல்லாரும் மாஸ்க்கோடு மேலேயே மிதந்தோம். ஊருக்குத் திரும்பி வந்ததும் அண்ணை தன் டைவ் கொம்பியூட்டரைக் கழற்றிச் சித்தப்பாவின் கையில் கட்டிவிட்டார். அவர் அதை மணிக்கூடாகத்தான் வைத்திருக்கிறார், மாற்றத் தெரியாததால் இன்னும் மாலைதீவு நேரத்தில், அரை மணித்தியாலம் பிந்தி ஓடுகிறது.